மேப் ஆகிவிட்டது, ஆனால் எங்கே? கர்னல் டிரைவரில் மெமரி மேப்பிங் பிழையைத் தேடும் வழி

கருவியின் மெமரியைப் பயனர் நிரலின் முகவரிகளோடு இணைக்கும், அதாவது மேப் செய்யும், எம்மேப் அழைப்பு வெற்றி என்று திரும்புகிறது. பாயின்டரும் கைக்கு வந்துவிட்டது. படித்துப் பார்த்தால் வரவேண்டிய எண் வரவில்லை. சில நேரம் எல்லாம் சுழியம், சில நேரம் எல்லா பிட்டும் 1, சில நேரம் யாருடையது என்றே தெரியாத தரவு. லினக்ஸ் டிரைவர் எழுதத் தொடங்கும் எவரும் சீக்கிரமே இந்த இடத்துக்கு வந்து நிற்பார்கள்.

நிரலை வரிவரியாகப் பார்த்துக்கொண்டே இருந்தால் இந்தப் பிழை அகப்படாது. வரிகள் ஒழுங்காகத்தான் இருக்கும். அவற்றுக்குள் ஓடும் எண்தான் வேறு வகையைச் சேர்ந்ததாக இருக்கும். நான் பார்த்த மேப்பிங் பிழைகளில் பெரும்பாலானவை, ஒருவகை முகவரி கேட்கும் இடத்தில் இன்னொரு வகை முகவரியைக் கொடுத்ததால் வந்தவை. சி மொழிக்கு எல்லாமே ஒரு முழு எண்தான், அது தடுக்காது. ஆகவே இந்தக் கட்டுரையில் வரும் ஒவ்வொரு படியும் ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு இடத்தில் நின்று கேட்கிறது: இந்த எண் எந்த வகை முகவரி?

செயற்கூறுகளின் பெயர்களை ஒலிப்பை ஒட்டி எழுதியிருக்கிறேன். கர்னல் மூலநிரலில் தேடும்போது அடிக்கோடுகளை அப்படியே வைத்து ஆங்கில எழுத்தில் தேடுங்கள். பதினாறடிமான எண்களில் வரும் எழுத்து இலக்கங்களும் அப்படியே.

முதலில் ஒரு பயிற்சிக் களம்

உங்கள் சொந்த மடிக்கணினியில் இதைப் பழக வேண்டாம். தவறான பக்கத்தில் (மெமரியின் ஒரு துண்டில்) ஒருமுறை எழுதினால் கணினி உறைந்து நிற்பதோடு போகாது. வட்டில் இருக்கும் கோப்புகளும் கெடலாம். கியூஎமு மெய்நிகர் கணினியில் தொடங்குங்கள். அதில் 'எடு' என்றொரு பிசிஐ (கணினிக்குள் செருகும் அட்டை வகை) கருவி கூடவே வருகிறது. செக் நாட்டின் மசாரிக் பல்கலைக்கழகத்தில் லினக்ஸ் கர்னல் பாடம் நடத்துவதற்கென்றே எழுதப்பட்டது அது. கியூஎமுவைத் துவக்கும் கட்டளையில் டிவைஸ் தெரிவாக எடு என்று சேர்த்தால் போதும். உள்ளே, பிசிஐ கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ ஓட்டினால் 1234:11இ8 என்ற அடையாளத்துடன் தெரியும்.

இந்தக் கருவியைப் பரிந்துரைக்கக் காரணம் உண்டு. அதன் ரெஜிஸ்டர்கள், அதாவது கருவியோடு பேசப் படித்து எழுதும் சிறு இடங்கள், 1 எம்பி அளவுள்ள ஒரே பகுதியில் இருக்கின்றன. அதில் 4-ஆம் பைட்டில் உள்ள ரெஜிஸ்டரில் எதை எழுதினாலும், திரும்பப் படிக்கும்போது எல்லா பிட்டும் தலைகீழாகி வரும். பதினாறடிமானத்தில் 66666666 என்று எழுதிப் படித்தால் 99999999 வர வேண்டும். வந்தால் நீங்கள் உண்மையிலேயே கருவியோடு பேசுகிறீர்கள். எழுதிய 66666666-ஏ திரும்பி வந்தால் நீங்கள் எழுதியது ஏதோ சாதாரண மெமரியில். இந்த ஒரு சோதனை எத்தனையோ மணிநேரத்தை மிச்சப்படுத்தும்.

கர்னலை நீங்களே கட்டமைக்கிறீர்கள் என்றால் டீபக்_விஎம், டீபக்_வெர்ச்சுவல், டிஎம்ஏ_ஏபிஐ_டீபக், கேஏசான் ஆகிய நான்கு பிழைச் சோதனைத் தெரிவுகளையும் இயக்கிவிடுங்கள். கர்னல் மெதுவாகும், பழகும்போது அது பொருட்டில்லை. கர்னல் முகவரிகளைக் கலைத்துவைக்கும் வசதியை நிறுத்தும் நோகேஏஎஸ்எல்ஆர் என்பதையும் பூட் வரியில் சேர்த்துவிடுங்கள். அது ஏன் என்று ஊப்ஸ் (கர்னல் தன் பிழையைச் சொல்லும் லாக் செய்தி) பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

ஒரு வீடு, ஐந்து எண்

ஒரே வீட்டுக் கதவில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு பலகை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். எந்த எண் என்று சொல்லாமல் வெறுமனே 14 என்றால் தபால் வேறு வீட்டுக்குப் போய்விடும். மெமரியில் இப்படி ஐந்து எண்கள் இருக்கின்றன.

பயனர் நிரல் பார்ப்பது பயனர் மெய்நிகர் முகவரி. டிரைவர் பார்ப்பது கர்னல் மெய்நிகர் முகவரி. சிபியு, மெய்நிகரைப் பௌதிகமாக மாற்றும் தன் பக்க அட்டவணையை எல்லாம் கடந்து கடைசியில் வெளியே அனுப்புவது பௌதிக முகவரி. அந்தப் பௌதிக முகவரியைப் பக்க அளவால் வகுத்தால் கிடைப்பது பிஎஃப்என் என்னும் பக்க எண். 4 கேபி பக்கம் என்றால் பதினாறடிமானத்தில் கடைசி மூன்று இலக்கங்களை வெட்டினால் போதும்; 80000000 என்ற முகவரியின் பிஎஃப்என் 80000. ஐந்தாவது, சிபியு உதவியின்றிக் கருவியே மெமரியைத் தொடும்போது (டிஎம்ஏ) தன் பக்கமிருந்து பார்க்கும் டிஎம்ஏ முகவரி.

கடைசியில் சொன்னதுதான் புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது. ஐஓஎம்எம்யு (கருவி அனுப்பும் முகவரியை மாற்றித்தரும் வன்பொருள்) இல்லாத சாதாரண எக்ஸ்86 கணினியில் டிஎம்ஏ முகவரியும் பௌதிக முகவரியும் ஒன்றாகவே இருக்கும். அதனால் ஒன்றை மற்றொன்றாகப் பயன்படுத்தினாலும் வேலை செய்யும். நான் ஒரு படம்பிடிக்கும் அட்டைக்கு எழுதிய டிரைவரில் டிஎம்ஏ முகவரியை 12 பிட் நகர்த்தி, பிஎஃப்என் வாங்கிப் பயனருக்கு மேப் செய்யும் ரீமேப்_பிஎஃப்என்_ரேஞ்சுக்கு அப்படியே கொடுத்திருந்தேன். பல மாதம் ஓடியது. ஐஓஎம்எம்யு இயங்கும் புதிய கணினிக்கு மாற்றிய அன்றே படத்தின் இடத்தில் குப்பை வந்தது. அட்டை பழுது என்று நினைத்து நான்கு நாள் போனது. அட்டை முதல் நாளிலிருந்தே சரியான இடத்தில்தான் எழுதிக்கொண்டிருந்தது. நான்தான் பயனருக்கு வேறு இடத்தைத் திறந்துகாட்டிக்கொண்டிருந்தேன்.

ராஸ்பெர்ரி பை பலகையில் இதையே இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். முதல் பையில் உள்ள பிசிஎம்2835 சில்லுவின் ஆவணம் துணைக்கருவிகளின் முகவரியை 7இ000000 என்று தொடங்கி எழுதுகிறது. அது பஸ் முகவரி, அதாவது கருவிப் பக்கமிருந்து பார்க்கும் எண். சிபியு பார்க்கும் பௌதிக முகவரி 20000000-இல் தொடங்குகிறது. பை 2, 3 பலகைகளில் அது 3எஃப்000000 ஆனது. ஆவணத்தில் இருக்கும் எண்ணை அப்படியே, பௌதிக முகவரி கேட்கும் ஐஓரீமேப்புக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

ஆகவே முதல் படி கணினியைத் தொடாமல் செய்வது. ஒரு தாளில் உங்கள் டிரைவரில் வரும் முகவரி மாறி ஒவ்வொன்றின் பெயரையும் எழுதி, எதிரே ஐந்தில் எது என்று குறியுங்கள். எழுத முடியாமல் தயங்கும் மாறி எதுவோ, பிழை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

டிரைவர் வரை அழைப்பு வந்ததா?

எம்மேப் தோல்வியடைந்தால் உடனே டிரைவருக்குள் தேடாதீர்கள். பயனர் நிரலை, அதன் கர்னல் அழைப்புகளைக் காட்டும் எஸ்டிரேஸ் வழியாக ஓட்டி, எந்தப் பிழை எண் வருகிறது என்று பாருங்கள். ஈநோடெவ் வந்தால் உங்கள் கோப்புச் செயல்பாட்டு அட்டவணையில் எம்மேப் இடமே காலியாக இருக்கிறது என்று பொருள். ஈஆக்சஸ் வந்தால் கோப்பைப் படிக்க மட்டும் திறந்துவிட்டு, எழுதும் உரிமையோடு பகிர்வு மேப்பிங் கேட்டிருப்பீர்கள். ஈஇன்வால் பல காரணங்களால் வரும். அவற்றில் மிகச் சாதாரணமானது, ஆஃப்செட் (எங்கிருந்து மேப் செய்வது என்ற எண்) பக்க அளவின் மடங்காக இல்லாதது. அது டிரைவரை எட்டும் முன்பே கர்னல் திருப்பியனுப்பிவிடும். நீங்கள் டிரைவரில் எத்தனை அச்சு வரி போட்டாலும் ஒன்றும் வராது.

எம்மேப் வென்று, முதல் முறை தொடும்போது நிரல் சாகிறது என்றால் எந்த சிக்னலால் செத்தது என்று பாருங்கள். செக்மென்டேஷன் ஃபால்ட் என்றால் அந்த முகவரியில் மேப்பிங்கே இல்லை அல்லது உரிமை இல்லை. சிக்பஸ் என்றால் மேப்பிங் இருக்கிறது, ஆனால் அதற்குப் பின்னால் பக்கம் கொடுக்க டிரைவரால் முடியவில்லை. பக்கத்தைத் தொடும்போது கர்னல் அழைக்கும் உங்கள் ஃபால்ட் செயற்கூறு பிழை திருப்பியிருக்கும், அங்கே போங்கள்.

டிரைவருக்குள் அச்சிட வேண்டியவை

எம்மேப் செயற்கூறின் முதல் வரியிலேயே விஎம்_ஸ்டார்ட் (தொடக்கம்), விஎம்_எண்ட் (முடிவு), விஎம்_பிஜிஆஃப் (ஆஃப்செட்), கணக்கிட்ட அளவு ஆகிய நான்கையும் அச்சிடுங்கள். பாயின்டரை %பி கொண்டு அச்சிட்டால் 4.15 கர்னல் முதல் உண்மையான முகவரி வராது; குழப்பிய ஓர் எண் வரும். அதை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டு ஏமாந்தவர்கள் பலர். பிழை தேடும்போது மட்டும் %பிஎக்ஸ் போடுங்கள், முடிந்ததும் எடுத்துவிடுங்கள். பௌதிக முகவரிக்கு %பிஏ, டிஎம்ஏ முகவரிக்கு %பிஏடி. இரண்டுக்கும் மாறியின் மதிப்பை அல்ல, மாறியின் முகவரியைக் கொடுக்க வேண்டும்.

விஎம்_பிஜிஆஃப் பக்கக் கணக்கில் வருகிறது, பைட் கணக்கில் அல்ல. பயனர் 8192 என்று ஆஃப்செட் கொடுத்தால், 4 கேபி பக்கத்தில் டிரைவருக்கு வந்து சேர்வது 2. அதை பேஜ்_ஷிஃப்ட் (4 கேபி பக்கத்தில் 12) அளவு இடது பக்கம் நகர்த்தினால் பைட். அடிப்படை முகவரியோடு கூட்டி, மறுபடி வலது பக்கம் நகர்த்தினால் பிஎஃப்என். இதில் ஒரு நகர்த்தலை மறப்பதும், இரண்டு முறை செய்வதும் அன்றாடப் பிழை. 32 பிட் கணினியில் இன்னொரு ஆபத்தும் உண்டு: நகர்த்தும் முன்பே பௌதிக முகவரி வகைக்கு மாற்றிக்கொள்ளாவிட்டால் மேல் பிட்டுகள் உதிர்ந்துவிடும். 12 என்று நேரடியாக எழுதவும் வேண்டாம். ஆர்ம்64 கணினிகளில் பக்கம் 16 கேபியாகவோ 64 கேபியாகவோ இருக்கலாம்.

அளவைச் சரிபார்ப்பதையும் இங்கேயே முடியுங்கள். பயனர் கேட்கும் ஆஃப்செட்டும் அளவும் உங்கள் பகுதிக்குள் அடங்குகின்றனவா? ஆஃப்செட்டையும் அளவையும் கூட்டி ஒப்பிட்டால் கூட்டல் வழிந்து சோதனை தோற்கலாம்; மொத்தத்திலிருந்து ஆஃப்செட்டைக் கழித்து, மிச்சத்தோடு அளவை ஒப்பிடுங்கள். இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். 2012 டிசம்பரில், எக்ஸினோஸ் 4210, 4412 சில்லுகள் கொண்ட கேலக்ஸி எஸ்2, எஸ்3, நோட் 2 போன்களில் எக்ஸினோஸ்-மெம் என்ற ஒரு கருவிக் கோப்பு, பௌதிக மெமரி முழுவதையும் எந்தச் செயலியும் மேப் செய்து படிக்கவும் எழுதவும் விட்டுவைத்திருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. சாதாரண ஒரு செயலி ரூட் அதிகாரம் பெற அது போதுமானதாக இருந்தது. உங்கள் டிரைவரில் விடுபடும் அந்த ஒரு ஒப்பீடும் இதே வாசலைத்தான் திறந்துவைக்கிறது.

கருவியின் ரெஜிஸ்டர் பகுதியை மட்டும் காட்ட வேண்டும் என்றால் கணக்கை நீங்கள் போடவே வேண்டாம். 3.9 கர்னல் முதல் விஎம்_ஐஓமேப்_மெமரி இருக்கிறது. பௌதிக தொடக்கமும் நீளமும் கொடுத்தால் ஆஃப்செட், எல்லை, நகர்த்தல் எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். புதியவர்கள் முதலில் இதைத்தான் கையில் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மெமரி எங்கிருந்து வந்தது?

பிழை தேடலில் மிக அதிக பலன் தரும் கேள்வி இது. மெமரியை எந்தச் செயற்கூறால் வாங்கினீர்களோ, அதற்கேற்ற வழியில்தான் பயனருக்கு மேப் செய்ய முடியும்.

கேமேலாக் தரும் முகவரி கர்னலின் நேர்கோட்டு மேப்பிங்கில் (பௌதிக மெமரியை ஒரே நகர்வில் அப்படியே காட்டும் பகுதியில்) இருக்கிறது. மெய்நிகர் முகவரியைப் பௌதிகமாக மாற்றும் வெர்ட்_டு_ஃபிஸ் அதற்குச் சரியான விடை தரும். ஆனால் அது பக்க எல்லையில் தொடங்கும் என்று எப்போதும் நம்ப முடியாது. பஃபர் ஒரு பக்கத்தின் நடுவில் தொடங்கினால், பயனர் பார்ப்பது பக்கத்தின் தொடக்கத்திலிருந்து. உங்கள் தரவு சில நூறு பைட் தள்ளித் தெரியும். முன்னால் இருப்பது கர்னலின் வேறொரு பகுதியின் தரவு. "டேட்டா சரியாகத்தான் வருகிறது, ஆனால் கொஞ்சம் நகர்ந்து வருகிறது" என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன். பயனருக்குக் காட்டப்போகும் பஃபரை முழுப் பக்கங்களாக வாங்குங்கள். அலாக்_பேஜஸ்_எக்ஸாக்ட் அதற்குப் பொருத்தமானது.

விமேலாக் தரும் முகவரி வேறு. மெய்நிகராகப் பார்த்தால் தொடர்ச்சியாக இருக்கும், பின்னால் இருக்கும் பக்கங்களோ மெமரியில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும். அதற்கு வெர்ட்_டு_ஃபிஸ் போட்டால் பிழை எதுவும் வராது. அர்த்தமில்லாத ஓர் எண் வரும். டீபக்_வெர்ச்சுவல் இயக்கியிருந்தால் கர்னல் அந்த இடத்திலேயே எச்சரிக்கும். களம் அமைக்கும்போது அதைச் சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான். விமேலாக்_யூசர் கொண்டு வாங்கி ரீமேப்_விமேலாக்_ரேஞ்ச் கொண்டு மேப் செய்வதே முறை. பக்கங்கள் சுழியமாக்கப்பட்டு வருவதால் கர்னலின் பழைய தரவும் வெளியே கசியாது.

டிஎம்ஏ_அலாக்_கோஹெரன்ட் இரண்டு எண்களைத் தருகிறது: டிரைவருக்கு ஒரு மெய்நிகர் முகவரி, கருவிக்கு ஒரு டிஎம்ஏ முகவரி. இரண்டில் எதையும் நீங்களாக பிஎஃப்என் ஆக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்து டிஎம்ஏ_எம்மேப்_கோஹெரன்ட்டிடம் கொடுங்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்தச் செயற்கூறு விஎம்_பிஜிஆஃப்-ஐ பஃபருக்குள் இருக்கும் ஆஃப்செட்டாக எடுத்துக்கொள்கிறது. "ஆஃப்செட் 0 என்றால் ரெஜிஸ்டர், 1 எம்பி என்றால் பஃபர்" என்று உங்கள் டிரைவர் பிரித்திருந்தால், அழைக்கும் முன் விஎம்_பிஜிஆஃப்-ஐ 0 ஆக்க வேண்டும். மறந்தால் ஈஎன்எக்ஸ்ஐஓ என்ற பிழை வரும். காரணம் எங்கும் எழுதியிருக்காது.

ஐஓரீமேப் தருவது கர்னலுக்கான முகவரி மட்டுமே. அதைப் பயனருக்கு மேப் செய்யப் பயன்படுத்தாதீர்கள். பிசிஐ_ரிசோர்ஸ்_ஸ்டார்ட் தரும் பௌதிக முகவரியிலிருந்து தொடங்குங்கள். அந்த எண் சரிதானா என்று ரூட்டாக இருந்து /ப்ராக்/ஐஓமெம் கோப்பில் பார்க்கலாம். சாதாரணப் பயனராகப் படித்தால் எல்லா முகவரியும் சுழியமாகத் தெரியும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

ஒரு சொல் பழைய மாதிரி நிரல்களைப் பற்றி. இணையத்தில் கிடைக்கும் பலவற்றில் ஐஓரீமேப்_நோகேஷ் இருக்கும், அது 5.6-இல் நீக்கப்பட்டது. விஎம்_ஃபிளாக்ஸ் மாறியில் நேரடியாக எழுதுவது 6.3 முதல் முடியாது, விஎம்_ஃபிளாக்ஸ்_செட் வழியாகத்தான். ஃபால்ட் செயற்கூறின் வடிவம் 4.11-இல் மாறியது. தொகுப்பு (கம்பைல்) நின்றால் அதை மெமரிப் பிழை என்று எண்ணித் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

வெளியிலிருந்து பார்ப்பது

பயனர் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது /ப்ராக்கில் அதன் மேப்பிங்குகளைப் பட்டியலிடும் ஸ்மேப்ஸ் கோப்பைத் திறந்து உங்கள் கருவியின் பெயர் உள்ள பகுதியைப் பாருங்கள். கடைசி வரியில் விஎம்ஃபிளாக்ஸ் என்று இரண்டிரண்டு எழுத்தாக இருக்கும். ஐஓ, பிஎஃப் இரண்டும் இருந்தால் ரீமேப்_பிஎஃப்என்_ரேஞ்ச் தன் வேலையைச் செய்திருக்கிறது. அதே இடத்தில் ஆர்எஸ்எஸ் (மெமரியில் இருக்கும் அளவு) 0 கேபி என்று இருக்கும். "ஒரு பக்கம்கூட மேப் ஆகவில்லையே" என்று தோன்றும். அப்படியில்லை, இந்த வகை மேப்பிங்கைக் கர்னல் அந்தக் கணக்கில் எடுப்பதே இல்லை. பேஜ்மேப் கோப்பும் அப்படித்தான். சாதாரணப் பக்கங்களுக்கு, ரூட்டாகப் படித்தால் பக்கத்துக்கு 8 பைட் வீதம் பிஎஃப்என் தரும் அருமையான கோப்பு அது. பிஎஃப்என் மேப்பிங்குகளுக்கு மட்டும் வெறும் சுழியம் தரும்.

பிழைதிருத்தியான ஜிடிபியும் இங்கே தவறாக வழிகாட்டும். அந்த முகவரியைப் படிக்கச் சொன்னால் அணுக முடியவில்லை என்று சொல்லும், நிரல் தானே படிக்கும்போது ஒழுங்காக வரும். உங்கள் விஎம் செயல்பாட்டு அட்டவணையில் (மேப்பிங்குக்கான செயற்கூறுகளின் பட்டியலில்) ஆக்சஸ் என்ற இடத்தில் ஜெனரிக்_ஆக்சஸ்_ஃபிஸ் வைத்தால் ஜிடிபிக்கும் கண் திறக்கும். அதேபோல், இப்படி மேப் செய்த பஃபரை, கர்னலின் இடைநிலைச் சேமிப்பைத் தவிர்க்கும் ஓ_டைரக்ட் முறையில் வட்டுக்கு எழுதக் கொடுத்தால் ஈஃபால்ட் வரும். இந்தப் பக்கங்களைக் கர்னல் தன் பக்க விவரப் பட்டியல் வழியாகப் பிடித்துவைக்க முடியாததால் வரும் வரம்பு அது, மேப்பிங் உடையவில்லை.

கியூஎமுவில் இருப்பதன் முழுப் பயன் இப்போதுதான் தெரியும். அதன் மானிட்டரில் இன்ஃபோ பிசிஐ என்று கேட்டால் எடுவின் பகுதி எந்தப் பௌதிக முகவரியில் இருக்கிறது என்று சொல்லும். எக்ஸ்பி கட்டளை பௌதிக மெமரியை நேராகப் படித்துக் காட்டும், பக்க அட்டவணை எதையும் தொடாமல். டிரைவரிலிருந்து பஃபரின் முதல் நான்கு பைட்டில் ஒரு குறியெண் எழுதுங்கள். டிரைவர் அச்சிட்ட பௌதிக முகவரியில் எக்ஸ்பி போடுங்கள். குறி அங்கே இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் பயனருக்கு வரவில்லை என்றால் பிழை பயனர் மேப்பிங்கில். அங்கேயே இல்லை என்றால் உங்கள் பௌதிக முகவரியே தவறு. தேடும் இடம் பாதியாகிவிட்டது.

இடம் சரி, மதிப்பு தவறு

66666666 எழுதி 66666666 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பயனர் நிரலின் எம்மேப் வரியைப் பாருங்கள். பகிர்வுக்குப் பதிலாகத் தனி மேப்பிங், அதாவது மேப்_பிரைவேட், கேட்டிருந்தால் முதல் முறை எழுதும்போதே கர்னல் அந்தப் பக்கத்தை நகலெடுத்துத் தனி மெமரியில் வைத்துவிடும். அதன்பின் நீங்கள் எழுதுவது எதுவும் கருவியை எட்டாது. ஒரே ஒரு சொல். நாள் முழுவதும் தேட வைக்கும்.

எல்லா பிட்டும் 1 ஆக வந்தால்? எடு கருவியில், பதினாறடிமானத்தில் 80-க்குக் கீழே உள்ள ரெஜிஸ்டர்களை 4 பைட்டாகத்தான் படிக்க வேண்டும். 8 பைட்டாகப் படித்தால் எல்லாம் 1 வரும். உண்மையான பிசிஐ வன்பொருளிலோ கருவி பதில் சொல்லவே இல்லை என்பதற்கு அதுவே வழக்கமான அடையாளம்: பிசிஐ_எனேபிள்_டிவைஸ் அழைக்க மறந்திருப்பீர்கள், அல்லது கருவி மின்சேமிப்பு நிலையில் உறங்கிக்கொண்டிருக்கும். ரெஜிஸ்டர் பகுதியில் மெம்காப்பி ஓட்டாதீர்கள். எத்தனை பைட்டாகப் படிப்பது என்பதை அது தன் விருப்பப்படி முடிவுசெய்யும். சரியான அகலமுள்ள வாலடைல் பாயின்டரே பயனர் பக்கம் வேண்டும்; கர்னலுக்குள் ரீட்எல், ரைட்எல்.

பழைய மதிப்பு வருகிறது, சற்று நேரம் கழித்துப் புதியது வருகிறது என்றால் காரணம் கேஷ் (சிபியு வைத்திருக்கும் இடைநிலை நகல்). ரெஜிஸ்டர் பகுதிக்கு பிஜிபிராட்_நான்கேஷ்டு, படச்சட்டம் போன்ற பெரிய எழுதும் பகுதிக்கு பிஜிபிராட்_ரைட்கம்பைன். ரைட்கம்பைனை ரெஜிஸ்டருக்குப் போட்டால் எழுதியவை ஒன்றோடொன்று சேர்ந்தும் வரிசை மாறியும் கருவியை அடையும். எக்ஸ்86 கணினியில் எந்தப் பகுதிக்கு எந்தக் கேஷ் வகை கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை டீபக்எஃப்எஸ்ஸின் எக்ஸ்86 கோப்புறையில் உள்ள பேட்_மெம்டைப்_லிஸ்ட் காட்டும். எக்ஸ்86-இல் டிஎம்ஏவும் கேஷும் வன்பொருளே பார்த்து ஒத்துப்போவதால், இரண்டையும் ஒத்துப்போகச் செய்யும் டிஎம்ஏ_சிங்க் அழைப்புகளை மறந்தாலும் பிழை வெளியே தெரியாது. ஆர்ம் பலகைக்குப் போன பிறகு தெரியும். டிஎம்ஏ அழைப்புகளில் நேரும் வேறு பல தவறுகளை டிஎம்ஏ_ஏபிஐ_டீபக் எக்ஸ்86-இலேயே சொல்லிவிடும், ஆனால் விடுபட்ட சிங்க் அழைப்பை அது பிடிக்காது.

எடு கருவியில் டிஎம்ஏ பழகும்போது ஒன்றைக் கவனியுங்கள். இயல்பாக அது 28 பிட் முகவரியை மட்டுமே அறியும், அதாவது முதல் 256 எம்பி. டிரைவரில் டிஎம்ஏ_செட்_மாஸ்க்_அண்ட்_கோஹெரன்ட் கொண்டு 28 பிட் என்று அறிவிக்காமல், 1 ஜிபி மெமரி உள்ள மெய்நிகர் கணினியில் ஓட்டிப் பாருங்கள். பஃபர் 256 எம்பிக்கு மேலே அமைந்தால், கருவி மேல் பிட்டுகளை வெட்டிவிட்டு வேறெங்கோ எழுதும். உண்மையான வன்பொருளிலும் இதே பிழை இதே வடிவில் வரும். முன்பே ஒருமுறை பார்த்துவைத்தவருக்கு அடையாளம் தெரியும்.

அதன்பிறகு கியூஎமுவின் கியூ35 இயந்திரத்தில் இன்டெல்-ஐஓஎம்எம்யு கருவியையும் சேர்த்து, பூட் வரியில் இன்டெல்_ஐஓஎம்எம்யு=ஆன் கொடுத்து அதே சோதனைகளை ஓட்டுங்கள். பௌதிக முகவரியைக் கருவிக்குக் கொடுத்திருந்தால் டீமெசேஜில் (கர்னல் லாகில்) டிஎம்ஏஆர் என்று தொடங்கும் வரிகள் கருவியின் எண்ணோடும் முகவரியோடும் வந்து நிற்கும். எனக்கு நான்கு நாள் எடுத்ததை இது நான்கு நிமிடத்தில் காட்டும்.

ஊப்ஸ் வந்தால்

கர்னல் பக்கப் பிழையில் விழுந்தால் லாகின் முதல் வரியில் உள்ள முகவரியைப் படியுங்கள். நோகேஏஎஸ்எல்ஆர் போட்டிருந்தால் 64 பிட் எக்ஸ்86-இல் முகவரியின் தலையைப் பார்த்தே வகை சொல்லலாம். எஃப்எஃப்எஃப்எஃப்888 என்று தொடங்கினால் நேர்கோட்டு மேப்பிங். எஃப்எஃப்எஃப்எஃப்சி9 என்றால் விமேலாக் அல்லது ஐஓரீமேப். எஃப்எஃப்எஃப்எஃப்இஏ என்றால் பக்க விவரப் பட்டியல். முன்னால் சுழியங்கள் வந்து 7எஃப் என்று தொடங்கினால் பயனர் முகவரி. காப்பி_ஃபிரம்_யூசர் இல்லாமல் பயனர் பாயின்டரை நேராகத் தொட்டிருக்கிறீர்கள். மிகச் சிறிய எண் என்றால் சுழியப் பாயின்டரோடு ஒரு கட்டமைப்பின் ஆஃப்செட் சேர்ந்தது. பௌதிக முகவரி போலவே தோன்றும் எண் வந்தால் ஐஓரீமேப் செய்யாமல் தொட்டது. அழைப்புத் தடத்தை வரி எண்ணாக மாற்ற, மூலநிரலின் ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையில் டீகோட்_ஸ்டாக்டிரேஸ் இருக்கிறது.

பிழையை ஓட்டும் முன்பே பிடிக்க, மூலநிரலைச் சோதிக்கும் ஸ்பார்ஸ் உதவும். மேக் கட்டளையோடு சி=2 சேர்த்தால் ஐஓமெம் குறியுள்ள பாயின்டரைச் சாதாரணப் பாயின்டரோடு கலந்த இடங்களைச் சொல்லும். சி மொழி தராத வகைச் சோதனையை இது ஓரளவு தருகிறது. அதன் எச்சரிக்கைகளை வகை மாற்றுக்குறி (காஸ்ட்) போட்டு அடக்கிவிடாதீர்கள்.

மேப்பிங் யார் போன பிறகும் இருக்கிறது?

இதுவரை சொன்னவை எல்லாம் முதல் ஓட்டத்திலேயே தெரியக்கூடியவை. ஆயுள் பற்றிய பிழைகள் அப்படியல்ல.

ரீமேப்_பிஎஃப்என்_ரேஞ்ச் பக்கத்தின் பிடிப்பு எண்ணிக்கையைக் கூட்டுவதில்லை. நீங்கள் பஃபரை விடுவித்துவிட்டால், கர்னல் அந்தப் பக்கத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடும். பயனர் நிரலின் மேப்பிங்கோ அப்படியே இருக்கும். அது எழுதுவது இனி வேறொருவரின் மெமரியில். விளைவு எங்கோ சம்பந்தமில்லாத இடத்தில், நேரம் கழித்து வெடிக்கும். பேட் பேஜ் ஸ்டேட் போன்ற வரிகள் லாகில் வந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

விஎம் செயல்பாட்டு அட்டவணையில் ஓப்பன், க்ளோஸ் என்று இரண்டு உண்டு. இவற்றை வைத்து மேப்பிங்குகளை எண்ணுபவர்கள் தவறும் இடம் ஒன்று: முதல் எம்மேப்பின்போது ஓப்பன் அழைக்கப்படுவதில்லை. செயல் ஃபோர்க் ஆகி நகலாகும்போதும், ஒரு மேப்பிங்கின் நடுவில் மன்மேப் செய்து (ஒரு பகுதியை நீக்கி) அது இரண்டாக உடையும்போதும்தான் அழைக்கப்படும். முதல் எண்ணிக்கையை எம்மேப் செயற்கூறே கூட்ட வேண்டும். குழந்தைச் செயலுக்கு மேப்பிங் போகவே கூடாது என்றால் விஎம்_டோன்ட்காப்பி போட்டுவிடுங்கள்.

கடைசிச் சோதனையை வேண்டுமென்றே செய்ய வேண்டும். பயனர் நிரல் மேப் செய்து, விநாடிக்கு ஒருமுறை ரெஜிஸ்டரைப் படித்துக்கொண்டிருக்கட்டும். இன்னொரு முனையத்தில், கருவிகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் உங்கள் டிரைவரின் கோப்புறையில் இருக்கும், டிரைவரைக் கருவியிலிருந்து பிரிக்கும் அன்பைண்ட் கோப்பில் எடுவின் பிசிஐ எண்ணை எழுதுங்கள். கோப்பு திறந்திருந்தால் மாட்யூலை அகற்ற முடியாது. ஆனால் அன்பைண்டை அது தடுக்காது. ரிமூவ் செயற்கூறு ஓடி எல்லாவற்றையும் விடுவித்துவிடும். பயனர் நிரல் இன்னும் படித்துக்கொண்டே இருந்தால் உங்கள் டிரைவரில் ஓட்டை இருக்கிறது. ரிமூவில் அன்மேப்_மேப்பிங்_ரேஞ்ச் அழைத்துப் பக்கங்களைப் பிடுங்குங்கள். கருவி போய்விட்டது என்று ஒரு கொடி வையுங்கள். பக்கங்களை எம்மேப்பிலேயே மொத்தமாகக் கொடுக்காமல் ஃபால்ட் செயற்கூறு வழியாகக் கொடுத்து, கொடி ஏறியிருந்தால் விஎம்_ஃபால்ட்_சிக்பஸ் திருப்புங்கள். மறுபடி அதே சோதனையை ஓட்டினால் அன்பைண்ட் செய்த மறுவிநாடி பயனர் நிரல் சிக்பஸ் வாங்கி நிற்க வேண்டும், டீமெசேஜில் ஒரு வரிகூட வரக்கூடாது.